பழைய பஸ்ஸுக்கு எல்.இ.டி. ஹெட்லைட்: எட்டு மாத இரவுகளுக்குப் பிறகு

எங்கள் நாடகக் குழுவிடம் ஒரு பழைய பஸ் இருக்கிறது. 24 வோல்ட் வண்டி, முன்னால் இரண்டு வட்டமான 7 அங்குல ஹெட்லைட். நாடகம் முடிந்து, திரையைச் சுருட்டி, பெட்டிகளை ஏற்றிக் கிளம்புவதற்குள் எப்படியும் நள்ளிரவு தாண்டிவிடும். அதனால் இந்த வண்டியை நான் பகலில் ஓட்டியதைவிட இரவில் ஓட்டியதுதான் அதிகம். பின்னால் பதினெட்டுப் பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

போன வருடம் ஒரு மழை இரவில், விளக்கில்லாமல் போன ஒரு சைக்கிளை மிகவும் தாமதமாகத்தான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்த காலில் நடுக்கம் வீடு வந்து சேரும்வரை இருந்தது. ஹெட்லைட்டை மாற்றியே தீருவது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பழைய ஹெட்லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த எச்4 ஹாலஜன் பல்பை மட்டும் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் உட்காரும் எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பத்து நிமிட வேலை. சுவரில் அடித்துப் பார்த்தால் பாலை ஊற்றினாற்போல வெளிச்சம். அன்று இரவு எதிரே வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், டிம் அடிக்கச் சொல்லி என்னைப் பார்த்து விளக்கைச் சிமிட்டின. நான் டிம்மில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவில் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன் உண்டு. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னான். இறங்கி ஐம்பது அடி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். "அண்ணே, வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு பார்க்காதீங்க. எங்க விழக்கூடாதோ அங்க விழுதான்னு பாருங்க. எல்லாம் என் கண்ணுலதான் விழுது" என்றான். மேடையில் அவன் வேலையே அதுதானே. நடிகர் முகத்தில் விழ வேண்டியது பின்திரையில் வழியாமல் தகடு வைத்து மறைப்பான். ஹெட்லைட்டும் அதே கணக்குதான் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம்முக்கான இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால், கண்ணாடிப் பூச்சுள்ள பிரதிபலிப்பானின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிச் சாயும். அந்தப் பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் வேறு எங்கோ போகும். எல்.இ.டி. பல்பில் சுருள் இழை இல்லை, இரண்டு பக்கமும் ஒளி விடும் தட்டையான சில்லுகள். ஒளி கிளம்பும் இடமும் வடிவமும் மாறிவிடுகிறது. மேலே போகக்கூடாதது மேலே போகிறது.

சட்டப்படி பார்த்தாலும் இதுதான் சிக்கல். ஹெட்லைட்டுக்கு ஒப்புதல் கொடுக்கும்போது, அது எந்த வகை ஒளிமூலத்துக்கு என்பதும் சேர்ந்துதான் வருகிறது. ஹாலஜன் என்று ஒப்புதல் வாங்கிய விளக்கில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் அந்த ஒப்புதல் அதற்குப் பொருந்தாது. ஹாலஜனுக்குப் பதிலாகச் சாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று 2020-இல் ஜெர்மனியில் ஓஸ்ராம் கம்பெனியின் எச்7 எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, சோதித்துப் பட்டியலில் சேர்த்த வண்டிகளுக்கு மட்டும். என் பழைய பஸ் போன்றதை யாரும் அப்படிச் சோதித்துப் பட்டியலில் சேர்க்கப்போவதில்லை.

ஆகவே எனக்கு மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: பல்பை விட்டுவிட்டு விளக்கையே மாற்றுவது. 7 அங்குல வட்டம் என்பது பல பத்தாண்டுகளாக மாறாத அளவு. அமெரிக்காவில் 1940-இலேயே இந்த அளவு சீல்டு பீம் விளக்கை (இழை, பிரதிபலிப்பான், லென்ஸ் எல்லாம் ஒன்றாக மூடிச் செய்தது) பொது அளவாக்கிவிட்டார்கள். அதனால் லென்ஸ், சில்லு, வெப்பம் போக்கும் அலுமினிய முதுகு எல்லாம் ஒன்றாகச் செய்த எல்.இ.டி. விளக்குகள் இந்த அளவில் கிடைக்கின்றன. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே மாதிரி தெரியும் விளக்குகள் பல பெயர்களில் வருகின்றன, அவற்றைப் பிரித்துக்காட்டுவது லென்ஸில் பதித்திருக்கும் எழுத்துகள்தான். பெயரைவிட அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஈ, பக்கத்தில் ஓர் எண். அது ஐ.நா. விதிகளின்படி எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைச் சொல்லும்: 1 என்றால் ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். எச்.சி.ஆர். என்று எழுத்துகள் இருந்தால் டிம்மும் பிரைட்டும் சேர்ந்த விளக்கு. பி.எல். என்றால் லென்ஸ் பிளாஸ்டிக். பெட்டியில் பெரிதாக சி.ஈ. என்று அச்சடித்திருப்பார்கள், அதை நம்பி வாங்காதீர்கள். அதற்கும் ஹெட்லைட்டின் சாலை ஒப்புதலுக்கும் சம்பந்தம் இல்லை. முதலில் வாங்கிய பல்புப் பெட்டியில் அதுதான் இருந்தது, நானும் ஏமாந்தேன்.

அப்புறம் அம்புக்குறி. இதில்தான் எனக்கு இரண்டு வாரம் வீணாயிற்று. டிம் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. எதிரே வருபவர் பக்கம் மட்டமாக வெட்டி நிற்கும், ஓரம் போகிற பக்கம் சற்று மேலேறி நடைபாதையையும் பலகைகளையும் காட்டும். இடப்பக்கமாகப் போகிற சாலைக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு வேறொன்று. விளக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது உங்கள் வலது கை பக்கம் அம்பு காட்டினால் அது இடப்பக்கச் சாலைக்கு. அம்பே இல்லையென்றால் வலப்பக்கச் சாலைக்கு. இரண்டு முனையும் உள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். நான் ஓட்டுவது இடப்பக்கமாக. எனக்கு வந்த முதல் ஜோடியில் அம்பு இல்லை. விற்றவர்கள் "எல்லாம் ஒன்றுதான், மாட்டுங்கள்" என்றார்கள். ஒன்று இல்லை. அதை மாட்டியிருந்தால் மேலேறும் அந்த ஒளி நேராக எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் போயிருக்கும். திருப்பி அனுப்பி, சரியானதை வாங்கினேன்.

மாட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய வண்டியில் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 27.4 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டரில் 24.1. இடையில் மூன்று வோல்ட்டுக்கு மேல் வயரிலும் சுவிட்சிலும் துருப்பிடித்த எர்த்திலும் போய்க்கொண்டிருந்தது. ஹாலஜனில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே அளவில் குறையாது, பல மடங்கு வேகமாகக் குறையும். இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் சாலைக்கு வராமலே போயிருக்கிறது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்த மழை இரவில் குறை பல்பில் மட்டும் இல்லை, பாதிக் குறை வயரில். நேர்மையாகச் சொன்னால், புதிதாக இரண்டு ரிலேயும் (சுவிட்ச் போட்டதும் பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் சின்னப் பெட்டி) தடித்த வயரும் நல்ல எர்த்தும் போட்டு, ஒப்புதல் உள்ள நல்ல ஹாலஜன் பல்பு மாட்டியிருந்தாலே என் கஷ்டத்தில் பெரும் பகுதி தீர்ந்திருக்கும். கையில் பணம் இல்லாதவர்கள் அதை முதலில் செய்யுங்கள்.

நான் எப்படியும் வயரிங்கைச் செய்ய வேண்டியிருந்தது. என் பஸ்ஸில் டிம்-பிரைட் சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது மைனஸ் பக்கம் இருக்கிறது. ஹாலஜனுக்கு மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. அப்படி இல்லை, பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் எரியாது. இரண்டு ரிலே வைத்து, டிம்முக்கும் பிரைட்டுக்கும் பிளஸ்ஸை மாற்றிவிடும்படி செய்தபிறகுதான் ஒழுங்காக எரிந்தது. உங்கள் வண்டியில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விளக்கு உங்கள் வோல்ட்டில் ஓடுமா என்பதையும் பாருங்கள். நான் வாங்கியது 12, 24 இரண்டிலும் ஓடும்.

இடது விளக்கு நேராக உட்கார்ந்தது. வலது உட்காரவில்லை. அலுமினிய முதுகு பழைய விளக்கைவிட ஆழமானது, பின்னால் இருந்த தகரக் கிண்ணத்தின் அடியில் முட்டியது. விளக்கைத் திருகி நெரித்து உள்ளே தள்ள ஆசை வரும். அப்படிச் செய்தால் வெளிச்சத்தின் வெட்டுக்கோடு, அதாவது டிம் வெளிச்சம் மேலே முடிகிற விளிம்பு, சாய்ந்து நிற்கும். கிண்ணத்தை எடுத்துத் தட்டி நிமிர்த்தினேன், பல வருடத்துக்கு முன் யாரோ இடித்த இடம் அது. துருவைச் சுரண்டி வண்ணம் அடித்து மறுநாள் மாட்டினேன்.

பிறகு குறி வைப்பது. என் விளக்கின் மையம் தரையிலிருந்து 78 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு 10 மீட்டர் தூரத்துச் சுவரில் வெட்டுக்கோடு விளக்கின் மையத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். காலி வண்டியில் 10 வைத்தோம். அப்புறம் தம்பி கேட்டான், "பெட்டியெல்லாம் ஏத்தினா?" எல்லாப் பெட்டிகளையும் ஏற்றி, பதினெட்டுப் பேரையும் உட்காரவைத்துப் பார்த்தோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, மூக்கு தூக்கி, கோடு 7 சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டது. பழைய வண்டியில் விளக்கைச் சாய்க்கும் கருவி எதுவும் கிடையாது. இரவில் நாங்கள் எப்போதும் பாரத்தோடுதான் போகிறோம், அதனால் பாரம் ஏற்றிய நிலையிலேயே 12 சென்டிமீட்டருக்கு வைத்துவிட்டேன். நடு இரவில் மொத்தக் குழுவும் முணுமுணுக்காமல் ஒரு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. அதற்கு அவர்களுக்கு நன்றி.

பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது பார்த்தவர் முதலில் லென்ஸில் இருந்த எழுத்துகளைப் படித்தார், பிறகு கருவியை வைத்து வெட்டுக்கோட்டைப் பார்த்தார். சரி என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் விளக்குக்கு ஒப்புதல் இருப்பது ஒன்று, வண்டியில் அதை மாற்றுவதற்கு அனுமதி இருப்பது வேறு. மாட்டும் முன்பே பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சாலை. டிம்மில் வெளிச்சம் ஒரு விரிப்பை விரித்தாற்போல ஓரத்திலிருந்து ஓரம் வரை சீராக விழுகிறது. ஓரத்துக் கோடு, குழி, நடந்து போகிறவரின் கால், எல்லாம் முன்பைவிட வெகு முன்னாலேயே தெரிகிறது. எட்டு மாதத்தில் எதிரே வந்தவர் சிமிட்டியது இரண்டே முறை, இரண்டும் மேடு ஏறும்போது. டிம்மில் இரண்டு விளக்கும் சேர்ந்து முன்பு 5.4 ஆம்பியர் இழுத்தன, இப்போது 1.9. பழைய ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய நிம்மதி. முதலில் மாட்டிய எல்.இ.டி. பல்பு எரியும்போது ரேடியோவில் இரைச்சல் வரும், இதில் இல்லை.

குறைகளும் உண்டு. வெட்டுக்கோடு கத்தி மாதிரி கூர்மையானது. குண்டும் குழியுமான சாலையில் அந்தக் கோடு திரைச்சீலைபோல மேலும் கீழும் ஆடும். பழைய மஞ்சள் வெளிச்சம் மெல்ல மங்கி இருட்டில் கரையும், இதில் ஒளி சட்டென்று முடிந்துவிடும். பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வண்டிக்கு நேர் முன்னால் வெளிச்சம் தேவைக்கு மேல் இருக்கிறது. கண் அதற்குப் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தோன்றுகிறது. மூடுபனியில் இந்த வெள்ளை ஒளியைவிடப் பழைய மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருந்தது. குளிர்ந்த இரவில் ஹாலஜன் சூட்டில் லென்ஸ் தானே காயும், இது சூடாவதில்லை. ஈரமும் சேறும் அப்படியே ஒட்டி நிற்கும், இறங்கித் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பிளாஸ்டிக் கீறிவிடும். தண்ணீர் ஊற்றித் துடையுங்கள்.

இன்னும் ஒன்று: ஒளியின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்த்து மயங்கி மிகப் பெரியதை எடுக்காதீர்கள். டிம்முக்கான ஒளிமூலம் 2000 லூமெனைத் தாண்டினால், ஐ.நா.வின் 48-ஆம் விதிப்படி ஹெட்லைட்டைக் கழுவும் கருவியும் வேண்டும். பழைய பஸ்ஸில் அதற்கு எங்கே போவது?

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. எச்4 பல்பு போனால் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இதில் உள்ளே ஒன்று போனால் முழு விளக்கும் போனது. அதற்காகப் பழைய கண்ணாடி விளக்கு இரண்டையும் பல்போடு, கிழிந்த திரைத் துணியில் சுற்றி, கடைசி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஹோல்டரும் அதேதான், புதிய ரிலே வயரிங்கிலேயே மாட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்தேன், 24.1 இருந்த இடத்தில் இப்போது 26.9 வோல்ட் வருகிறது. அந்தப் பழைய விளக்குகள் இவ்வளவு பிரகாசமாக எரிந்து நான் பார்த்ததே இல்லை.