பிஜிடாப், டிஎஸ்கியூஎல்டி: ஏஜென்ட்டுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

டேட்டாபேஸுக்கு டெஸ்ட் எழுத எந்த டூல்? போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடாப், எஸ்கியூஎல் சர்வர் என்றால் டிஎஸ்கியூஎல்டி. தேர்வு அதோடு முடிந்துவிடும். அந்த டெஸ்டுகளை எழுதப்போகும் ஏஐ ஏஜென்ட்டுக்கான குறிப்பு எழுத உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பிஜிடாப்புக்குச் சின்னக் குறிப்பு போதும். டெஸ்ட் என்பது வெறும் எஸ்கியூஎல் ஃபைல். பிஜி_புரூவ் என்ற கமாண்டை ஓட்டினால் எது பாஸ், எது ஃபெயில் என்று வந்துவிடும். மாற்றங்களைக் கடைசியில் ரத்துசெய்ய (ரோல்பேக்) வழிவிடும் பிகின் வரி விட்டுப்போனால் டெஸ்ட் டேட்டா டேபிளிலேயே தங்கிவிடும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மூன்று டெஸ்ட் என்று அறிவிக்கும் பிளான்(3) இருக்கும் ஃபைலில் நாலாவது டெஸ்ட் சேர்த்தால் எண்ணையும் மாற்ற வேண்டும்.

டிஎஸ்கியூஎல்டி ரோல்பேக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் இங்கே டெஸ்ட் என்பது ஒரு புரொசீஜர்; அதன் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்காவிட்டால் அது சத்தமில்லாமல் விடுபடும். பெரிய வம்பு ஃபேக்டேபிள் என்ற கமாண்ட். அசல் டேபிள் இருந்த இடத்தில் கன்ஸ்ட்ரெயின்ட் (டேட்டாவுக்கான கட்டுப்பாடு) இல்லாத காலி நகலை வைக்கும். ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளில் இருக்கும் ஐடியை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாட்டை) சோதிக்கச் சொன்னால், ஏஜென்ட் அந்த நகலில் தப்பான ஐடியை இன்சர்ட் செய்யும்; எரர் வராது. உடனே நன்றாக இருக்கும் ஸ்கீமாவைத் 'திருத்த'க் கிளம்பலாம் (கேட்டால் காரணமும் அழகாகச் சொல்லும்!). கட்டுப்பாட்டை நகலில் திரும்பப் போடும் அப்ளைகன்ஸ்ட்ரெயின்ட் வரியை மாதிரி கோடோடு குறிப்பிலேயே வையுங்கள்.

குறிப்பு எழுதும் வேலையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு பிஜிடாப்புக்கு.