பால்காவா, கிங்கியாவா? இரண்டு புல்மரங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் இரண்டும் அருகருகே நிற்கும். கருகிய தண்டு, உச்சியில் புல் கொண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்தறிவது கடினம். ஆனால் குடும்பமே வேறு.

பூவைப் பார்த்தால் குழப்பமே வராது. பால்காவுக்கு நெட்டுக்குத்தலாக ஒரே கதிர், ஆள் உயரத்தையும் தாண்டும். கிங்கியாவுக்கோ கொண்டையைச் சுற்றி முரசுக்கோல் போன்ற உருண்டைப் பூத்தலைகள் பல. பூ இல்லாத காலத்தில் இளம் இலையைத் தடவிப் பாருங்கள்: கிங்கியாவில் வெள்ளிநிறப் பட்டு ரோமம் இருக்கும். தண்டில் பிசின் கசிந்தால் அது பால்கா. இரண்டுமே காட்டுத்தீக்குப் பின் நன்றாகப் பூக்கும். ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரும் என்பதால், ஆளுயர மரம் என்றால் நூறாண்டைத் தொட்டது என்றே கொள்ளலாம்.

இடம்? பால்கா பெர்த்தைச் சுற்றிய மணல்வெளியிலும் ஜாரா என்ற யூகலிப்டஸ் மரக் காட்டுச் சரளை மண்ணிலும் வளரும். கிங்கியாவைக் குளிர்காலத்தில் ஈரம் தேங்கும் மணலிலும் காணலாம்.

தோட்டத்துக்கு என்றால் பால்காதான், அதுவும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம். வேர்மண் உதிராமல் பெயர்த்து, வடிகால் உள்ள மேட்டில் நடவேண்டும். வேர் செத்தாலும் தண்டின் சேமிப்பால் ஓரிரு ஆண்டு பச்சையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று நம்பி நீரை நிறுத்தாதீர்கள். கிங்கியாவின் வேர்கள் உச்சிக்குக் கீழே தோன்றி, தண்டுக்கும் பழைய இலையடிகளுக்கும் நடுவே மறைந்து மண்ணுக்கு இறங்குகின்றன. அடியில் மண்வெட்டி விழுந்தால் அவை அறுபடும். அதைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள்.