காய்ச்சல் அஞ்சு நாள் தாண்டியும் "வைரல்தான்"னு சொன்னா நம்பி உக்காந்துடாதீங்க, கவாசாகி நோயாவும் இருக்கலாம்

எங்க பாப்பாவுக்கு அப்ப 7 மாசம். ரெண்டாவது நாள் காட்டினோம், வைரல்னு சொல்லி பாராசிட்டமால் கொடுத்தாங்க, அது சரி, அதுல எனக்கு கோவம் இல்ல. நாலாவது நாள் யூரின்ல பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) இருக்குன்னு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாங்க, அப்புறம் கல்ச்சர்ல (கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) ஒண்ணுமே வளரலன்னு வந்துச்சு, அப்பவாவது யோசிக்கணும்ல, மருந்த மட்டும் மாத்தி விட்டாங்க. புள்ள தூக்கினாலும் அழுகை, கீழ விட்டாலும் அழுகை. கண்ணு ரெண்டும் சிவந்துச்சு, பீளை கிடையாது, ரெண்டு நாள்ல தானா போயிடுச்சு. கையில பிசிஜி (காசநோய் தடுப்பூசி) போட்ட தழும்பு மட்டும் செக்கச்செவேல்னு வீங்கி இருந்துச்சு. காட்டினேன். "கொசு கடிச்சிருக்கும்மா, சும்மா நெட்ல படிச்சிட்டு வராதீங்க"ன்னு சிரிச்சாங்க. நான் அதுவரைக்கும் நெட்ல எதுவுமே படிக்கல, அதுதான் கொடுமை.

எட்டாவது நாள் வேற டாக்டர். தழும்ப பாத்த உடனே கண்ணு சிவந்துச்சா, உதடு வெடிச்சுதான்னு கேட்டாங்க, அன்னைக்கே சிஆர்பி, ஈஎஸ்ஆர்னு உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். கவாசாகி. ரத்தக்குழாய் அழற்சி, இதயத்துக்கு போற குழாய வீங்க வச்சிடும். கண்ணு, உதடு-நாக்கு, தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்துல நெறிகட்டு, இந்த அஞ்சுல நாலு இருந்தாதான் முழு கவாசாகியாம், ஆனா ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்களுக்கு பாதி அறிகுறி வராமலே போகலாம், வந்ததும் ஒரே நேரத்துல இருக்காது, அதனால முந்தாநாள் வந்து போனதையும் டாக்டர் கேக்கணும், நாமளும் சொல்லணும். கிருமியே இல்லாம யூரின்ல பஸ் செல்ஸ் வர்றதும், பிசிஜி தழும்பு சிவந்து வீங்கறதும் இதுல உண்டாம். சில குழந்தைங்களுக்கு கழுத்து நெறி மட்டும் பெருசா வீங்கி சீழ்க்கட்டின்னு நெனைக்க வச்சிடுமாம். விரல் நுனி தோல் உரியறதுக்காக காத்திருக்கவே கூடாது, அது ரெண்டாவது மூணாவது வாரம்தான் வரும், மருந்து காய்ச்சல் ஆரம்பிச்ச 10 நாளுக்குள்ள போகணும். போடாம விட்டா நாலுல ஒரு குழந்தைக்கு இதயக்குழாய் பாதிக்குமாம்.

எங்களுக்கு எக்கோல குழாய் லேசா விரிஞ்சிருந்துச்சு. ஒன்பதாவது நாள் ஐவிஐஜி (நரம்பு வழியா ஏத்துற ஆன்டிபாடி மருந்து), கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, ராத்திரி பூரா ஏறுச்சு, மறுநாளே காய்ச்சல் இறங்குச்சு. அப்புறம் ஆஸ்பிரின். ஐவிஐஜி போட்டதால எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசிய 11 மாசம் தள்ளி வச்சிருக்காங்க. 6 வாரம் கழிச்சு எடுத்த எக்கோ நார்மல்.

பழைய இடத்துல ஃபைல் வாங்க போனேன். அதுல தழும்பப் பத்தி ஒரு வரி இல்ல.