நான்கு வருடமாக வீட்டில் இஞ்சி பீர்: வில்லுக்குறி வெயிலுக்கு ஒத்துவந்த கணக்கு

2021 ஆவணியில் தொடங்கினேன். அன்று முதல் ஒவ்வொரு முறை இஞ்சி பீர் போடும்போதும் தேதி, இஞ்சி எவ்வளவு, சீனி எவ்வளவு, எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, குடித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. செய்முறை எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்துச் சூட்டில், ஈரத்தில், இங்கே கிடைக்கும் பொருளில் வருடக்கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பெயரில் பீர் இருப்பதால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அம்மா முதலில் அதை அடுக்களையில் வைக்கவே விடவில்லை. இது 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீட்டு வீட்டுக்குச் செய்து குடித்த பானம். இஞ்சிச் சாறும் சீனியும் சேர்ந்த தண்ணீரை லேசாக நொதிக்கவிட்டு, அதில் வரும் வாயுவைக் குப்பிக்குள் அடைப்பதுதான் வேலை. நீண்ட நாள் விட்டால் அதில் சாராயச் சத்து ஏறும், அதை மறைக்க வேண்டியதில்லை. சீக்கிரம் நிறுத்தினால் அது சோடா. நான் செய்வது சோடா. 1937 மதுவிலக்குச் சட்டம் நடப்பில் உள்ள மாநிலம் இது, கள்ளுக்கே 1987 முதல் தடை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் இதில் இறங்கவே கூடாது. அதைப் பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன்.

உறையிலிருந்து தொடங்குவோம். தயிருக்கு உறைமோர் மாதிரி இதற்கும் ஒரு உறை வேண்டும். இஞ்சியைத் தோல் சீவாமல் கழுவித் துருவி, இரண்டு கரண்டி இஞ்சி, இரண்டு கரண்டி சீனி, இரண்டு டம்ளர் தண்ணீர் என்று ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுத் துணியால் மூடி வைக்க வேண்டும். தினமும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி சேர்த்துக் கிளற வேண்டும். இஞ்சித் தோலில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும்தான் இங்கே வேலையாட்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஐந்து முதல் ஏழு நாள் என்று இருக்கும். எனக்குப் பங்குனியில் இரண்டாம் நாள் சாயங்காலமே நுரை கட்டிவிட்டது.

தண்ணீரில்தான் முதல் தோல்வி. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். அதில் இருக்கும் குளோரின் நுண்ணுயிரைக் கொல்லத்தானே போடுகிறார்கள்! நாலு நாள் ஆகியும் ஒரு குமிழி இல்லை. இப்போது கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுகிறேன்.

இந்த உறைக்கு ஒரு பழைய கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1880-ல் இலங்கைக்கு வந்து, காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த துரு நோயை இரண்டு வருடம் ஆராய்ந்தார். நாட்டுக்குத் திரும்பிய பிறகு, வீடுகளில் கைமாறி வந்த இஞ்சி பீர் உறையைப் பிரித்துப் பார்த்து 1892-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்தக் கட்டி கட்டியான உறை ஒரே உயிர் இல்லை, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் குடும்பம் என்று காட்டியது அவர்தான். நாம் இஞ்சியிலிருந்து பிடிக்கும் உறை அதே கட்டி உறை இல்லை என்றாலும் அடிப்படை இதே கூட்டுக் குடித்தனம்தான். ஒன்று மட்டும் தழைத்தால் ருசி கெடும். பாக்டீரியா கை ஓங்கினால் கொழகொழவென்று நூல் விடும். எனக்கு 2022 ஆடியில் அப்படி ஆனது. பாதியைக் கொட்டிவிட்டு, புது இஞ்சி போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை கிளறினேன். மூன்றாம் நாள் சரியானது.

இனி நேரம். என்னைப் பொறுத்தவரை இந்தப் பானத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் குறிப்பில் இருந்தபடியே குப்பியில் அடைத்து மூன்று நாள் வெளியே வைத்தேன். மூன்றாவது தடவை, விடியற்காலை இரண்டு மணிக்கு அடுக்களையில் ஒரு குப்பி வெடித்தது. அழகுக்காக இணையத்தில் வாங்கிய சதுரக் குப்பி அது. மூலைகள்தான் அழுத்தத்தில் முதலில் விட்டுப்போகும் என்று பிறகுதான் புரிந்தது. கண்ணாடித் துண்டு அரிசிப் பானை வரைக்கும் தெறித்திருந்தது. அரிசியை முழுக்கக் கொட்டினோம். அது பகலில் நடந்திருந்தால் அம்மா அங்கே நின்றிருப்பார். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். இளவயதில் பனையேறியவர். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மக்களே, அக்கானிக் கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டா உச்சிக்குள்ள கள்ளு வாடை அடிச்சிரும். இந்த வெயிலுல நீ மூணு நாளு மூடி வச்சா குப்பி என்ன செய்யும்?" என்றார்.

எனக்கு அங்கேதான் கண் திறந்தது. பனஞ்சாறு பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் அதன் காரத்தன்மையில் ஈஸ்ட் அடங்கிவிடும், அக்கானி, அதாவது பதநீர், இனிப்பாகவே நிற்கும். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள். எங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மணிக்கணக்கில் கவனித்து வந்த அதே வேலையை நான் நாள்கணக்கில் செய்துகொண்டிருந்தேன். அன்று முதல் நோட்டில் 'நாள்' என்ற பத்தியை அடித்துவிட்டு 'மணி' என்று எழுதினேன்.

என் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. பங்குனி, சித்திரையில் குப்பியில் அடைத்த பிறகு 12 முதல் 16 மணி நேரம். ஆனி, ஆடி மழையில் 24. மார்கழியில் இரவு சற்றுக் குளிரும்போது 30 வரை போகும். அப்புறம் நேராக ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜிலும் நொதிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் அடைத்து மற்றவற்றோடு வைப்பேன். அது கல் மாதிரி இறுகிவிட்டால் எல்லாக் குப்பியும் உள்ளே போக வேண்டும் என்று அர்த்தம். கண்ணாடி என்றால் தடிப்பான வட்டக் குப்பி, கம்பிப் பூட்டு போட்டது. மேலே நாலு விரல் இடம் விட வேண்டும். வட்டக் குப்பிகளில் கண்ணாடி இன்றும் நன்றாக இருக்கிறது, ஆனால் ரப்பர் வளையம் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. வளையம் வெடிப்பு விட்டால் வாயு நிற்காது. கோலி சோடா பாட்டிலில் அடைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். ஹிராம் காட் என்பவர் 1872-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. உள்ளே இருக்கும் வாயு அழுத்தம்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. நாம் நிரப்பும்போது அந்த அழுத்தம் இருக்காது, கோலி கீழேயே கிடக்கும். வீட்டுக்கு அது ஒத்துவராது.

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் வருடம் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே தத்துவம்தான். சீனி கரைந்த தண்ணீரில் உயர்ந்து மிதக்கும், சீனி குறையக் குறையத் தாழும். நான் போடும் அளவுக்குத் தொடக்கத்தில் 1.030 காட்டும். தொடக்க அளவிலிருந்து முடிவு அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் சாராயச் சத்து சதவீதத்தில் கிடைக்கும். 1.030 என்பது 1.027 ஆனால் ஏறக்குறைய 0.4. உறையோடு வருவதையும் சேர்த்தால் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் மதுபானம் என்ற வரையறைக்குள் வரும். அதனால் மூன்று புள்ளி இறங்கியதும் நிறுத்திவிடுகிறேன். அளக்கும் முன் இரண்டு டம்ளரில் டீ ஆற்றுவது போல நன்றாக ஆற்ற வேண்டும். இல்லாவிட்டால் குமிழிகள் கருவியில் ஒட்டி அதைத் தூக்கிப் பொய்க்கணக்கு காட்டும்.

இப்படியும் கொஞ்சம் சாராயச் சத்து இருக்கத்தான் செய்கிறது. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எங்கள் வீட்டில் இதைக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு இஞ்சி எலுமிச்சைச் சர்பத் போதும்.

நான் போடும் அளவு: இரண்டு லிட்டருக்கு 100 கிராம் இஞ்சி, 160 கிராம் சீனி, இரண்டு எலுமிச்சை, அரை டம்ளர் வடிகட்டிய உறை. பாதித் தண்ணீரில் இஞ்சியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சீனியைக் கரைத்து, மீதித் தண்ணீரை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே நன்றாக ஆறிய பிறகுதான் எலுமிச்சையும் உறையும். அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் உறை செத்துவிடும்.

இஞ்சியை வடசேரி கனகமூலம் சந்தையில் வாங்குகிறேன். மார்கழி, தையில் வரும் புது இஞ்சிக்கு வாசனை அதிகம், காரம் குறைவு. முற்றிய இஞ்சியில்தான் தொண்டையில் அந்தப் பிடிப்பு வரும். இன்னும் காரம் வேண்டும் என்றால் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போடுகிறேன். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகாலாக மாறுகிறது, அதற்குக் காரம் கூடுதல். சுக்குக் காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 2023-ல் இஞ்சி கிலோ 250 ரூபாயைத் தாண்டியபோது இரண்டு மாதம் நான் எதுவும் போடவில்லை, உறைக்கு மட்டும் தீனி கொடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஃப்ரிட்ஜில் என்றால் வாரம் ஒரு கரண்டி போதும்.

கருப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பனை நாட்டில் இருந்துகொண்டு சீனியில் மட்டும் செய்வது மனதுக்கு ஒப்பவில்லை. திங்கள்சந்தைப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் காய்ச்சும் கருப்பட்டியை வாங்கி 180 கிராம் போட்டேன். முதல் தடவை மிக மந்தமாகத் தொடங்கியது. சுண்ணாம்பின் மிச்சம்தான் காரணமாக இருக்கும் என்று எலுமிச்சையை மூன்றாக்கினேன், வேகம் பிடித்துக்கொண்டது. கரைத்ததும் துணியில் வடிகட்ட வேண்டும், அடியில் மண்டி தங்கும். நிறம் கறுப்பு. நுரை அதிகம், திறக்கும்போது தொட்டிக்கு மேலே வைத்துத் திற. ருசியோ, சீனி பீர் இதற்குப் பக்கத்தில் நிற்காது. மண்வாசமும் லேசான புகையும் காரமும் சேர்ந்து, குடித்த பிறகும் கொஞ்ச நேரம் நாக்கில் இருக்கும். பக்கத்து வீட்டு மாமா இதை மட்டும்தான் குடிப்பார். மார்த்தாண்டம் தேனிலும் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அந்தத் தேனை நொதிக்கவிடுவதைவிட அப்படியே சாப்பிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மழைக்காலம்தான் இதில் சோதனை. நமக்கு இரண்டு பருவமழை, மொத்தத்தில் பாதி வருடம் ஈரம். உறையின் மேல் வெள்ளையாக, சுருக்கம் விழுந்த ஏடு படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட், எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். பஞ்சு மாதிரி முடி வைத்து, பச்சையோ கறுப்போ நிறம் காட்டினால் பூஞ்சை. குடுவையோடு கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவி, புதிதாகத் தொடங்க வேண்டும். கொஞ்சம் எடுத்தால் போதும் என்று மனசு சொல்லும், கேட்கக் கூடாது. நாலு வருடத்தில் இரண்டு முறை எனக்கு அப்படி முழு உறையும் போயிருக்கிறது.

உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பலர் இதைப் பரப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீக்கிரம் நிறுத்துவதால் சீனியில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. என் அளவில் ஒரு டம்ளருக்கு, அதாவது 150 மில்லிக்கு, பத்து கிராமுக்கு மேல். சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு நான் இதைக் கொடுப்பதே இல்லை, கருப்பட்டியில் செய்தது என்றாலும் கொடுப்பதில்லை. இது ருசிக்காகக் குடிக்கும் பானம். மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டு முடித்த மதியத்தில் குளிர்ந்த அரை டம்ளர் இறங்கும் சுகத்துக்காக நான் இந்தப் பாடெல்லாம் படுகிறேன், அது எனக்குப் போதும்.

உறை கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். இறுக்கமான மூடி போட்ட பாட்டில் கொண்டுவந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவேன். வாய் அகன்ற குடுவையும் ஒரு துண்டுத் துணியும் கொண்டுவர வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், மதிய வெயிலில் தக்கலை போய்ச் சேர்வதற்குள் அது பொங்கிவிடும்.