தூண்டில் கூடாரம் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் டன்ஜனெஸ் போன்ற கூழாங்கல் கரைகளில் குளிர்கால இரவில் தூண்டில் போடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். "50 அங்குலம், அலுமினியக் கம்பி, 10,000 மி.மீ. நீர் தாங்கும், புயலுக்கும் அசையாது" என்று இணையத்தில் விளம்பரம் செய்திருந்த குடைக்கூடாரம் ஒன்றை வாங்கினோம். முதல் தென்மேற்குக் காற்றிலேயே அதன் ஆரக்கம்பிகள் முறிந்தன. "காற்றில் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று விற்ற கடை கைவிரித்துவிட்டது.

முறிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நார் பிரிந்து நின்றது. அலுமினியம் வளையும், ஒடியும், நார் பிரியாது. அது கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடியிழை. கண்ணாடியிழை என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை, தடிமன் இருந்தால் நன்றாகவே வளைந்துகொடுக்கும். இது மெலிந்த கம்பி. கம்பிகள் கூடும் தலைக்கட்டையும் வெறும் பிளாஸ்டிக். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முதலில் விட்டுக்கொடுப்பது இந்தக் கட்டைதான். பார்சல் வந்ததும் ஒரு காந்தத்தை எல்லா உலோகப் பாகங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் சாயம் பூசிய இரும்பு. உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

அளவிலும் கண்கட்டு வித்தை உண்டு. 50 அங்குலம் என்பது பொதுவாக ஒரு கம்பியின் நீளம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை துணியின் வளைவோடு அளந்தால் இரண்டரை மீட்டர் வரும், விரித்து வைத்தால் தரையில் அத்தனை அகலம் இருக்காது. விரித்த அகலம், நடு உயரம், மடித்த நீளம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கரையில் பெரிய கூடாரத்தைவிடத் தாழ்வானதே நிற்கும்.

10,000 மி.மீ. என்பது எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்று துணிக்கு மட்டும் சொல்லும் கணக்கு. ஊசித் துளை வழியே நீர் வந்தால் அந்த எண்ணால் பயனில்லை. தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், முழு நீளத்துக்கும் பளபளவென்று நாடா ஒட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் கூரையின் மேல்பாதியில் மட்டும் ஒட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அடிமடிப்பு. விளம்பரப் படத்தில் கூடாரத்தின் அடியில் ஒரு சாண் அகலத் துணி வெளியே விரிந்திருந்தது, வந்த பொருளில் அது இல்லை. கூழாங்கல்லில் முளை பிடிக்காது, எவ்வளவு நீளமாக இருந்தாலும் கல் நகர்ந்து கழன்றுவிடும். அந்தத் துணிமேல் கல்லைக் குவித்துத்தான் கூடாரத்தை நிறுத்த வேண்டும். அத்துடன் கெட்டியான பைகளில் கல் நிரப்பி, இழுகயிற்றை அதில் கட்டி, காற்று வரும் பக்கம் ஓரடி ஆழத்தில் புதையுங்கள். கூடாரத்தின் முதுகுப்புறம் காற்றைப் பார்த்திருக்கட்டும். வாயிலில் இரு பக்கமும் தாங்குகம்பி போடுங்கள். காற்றின் திசை மாறினால் கூடாரத்தைத் திருப்பி வையுங்கள், சோம்பல் வேண்டாம்.

"உள்ளேயே சமைக்கலாம்" என்றும் அந்த விளம்பரத்தில் இருந்தது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய கூடாரத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் அறிவித்து, காரணம் சொல்லாமலே திருப்பலாம். ஆகவே முதலில் வீட்டிலேயே, நனைக்காமல் விரித்து அளந்து பாருங்கள். சொன்னபடி இல்லையென்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பொறுப்பு விற்றவருடையது, "தயாரிப்பாளரைக் கேளுங்கள்" என்றால் ஏற்காதீர்கள். விலை 100 பவுண்டுக்கு மேலென்றால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள், கடை ஏமாற்றினால் கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படமெடுத்து வையுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு அந்தக் கடை "அலுமினியம்" என்ற சொல்லைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது.