முட்டையைக் காப்பாற்றுவது பொரியா, ஸ்ட்ராவா?

உயரத்திலிருந்து விடும் முட்டை உடையாமல் தரைசேர ஒரு அமைப்பைக் கட்டுவதுதான் இந்தப் போட்டி. 6 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட முட்டை 1.1 விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 39 கி.மீ. இதற்கு வழக்கமாகக் கட்டுவது மூன்று: பாராசூட், ஸ்ட்ராக் கூண்டு, அடைத்த அட்டைப்பெட்டி. என் ஓட்டு பெட்டிக்கு, அதிலும் பொரி அடைத்த பெட்டிக்கு.

பாராசூட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3 மீட்டர் போட்டியில் அது விரிவதற்குள் தரை வந்துவிடும். 6 மீட்டரில் ஒழுங்காக விரிந்தால் வேகம் நன்றாகக் குறையும்; நூல் சிக்கினால் ஒன்றுமில்லை. எப்படியும் அடியில் மெத்தை வேண்டும்.

மற்ற இரண்டையும் பிரிப்பது ஒரே விஷயம்: முட்டை எத்தனை செ.மீ. தூரத்தில் நிற்கிறது என்பது. 6 மீட்டர் விழுந்த முட்டை 6 செ.மீ.க்குள் நின்றால், அதன் மேல் சராசரியாக அதன் எடையைப்போல் நூறு மடங்கு விசை. 55 கிராம் முட்டைக்கு ஐந்தரைக் கிலோ. ஓட்டின் ஒரே புள்ளியில் விழுந்தால் தாங்காது, பக்கம் முழுக்கப் பரவினால் தாங்கும். 6 மி.மீ.யில் நின்றால் ஆயிரம் மடங்கு, கதை முடிந்தது. தெர்மகோலை இறுக்கி அடைத்த பெட்டி உடைவது இதனால்தான்: தடிமன் இருக்கும், நசுங்க இடம் இருக்காது.

ஸ்பாஞ்சு நசுங்கும், ஆனால் திருப்பித் தள்ளும். பெட்டி துள்ளி மறுபடி விழும். பொரி நொறுங்கினால் நொறுங்கியதுதான், துள்ளல் குறைவு. 20 செ.மீ. பெட்டியில் பாதிவரை பொரி கொட்டுங்கள். ஜிப் கவரில் போட்ட முட்டையை நடுவில் படுக்கவைத்து மேலேயும் நிரப்புங்கள். குலுக்கி, அமுக்கி அடைக்க வேண்டாம். சுற்றிலும் ஏழெட்டு செ.மீ. பொரி இருக்கும். முட்டையை நிமிர்த்தி வைப்பதே பலம் என்பது பழைய பாடம்; ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட சோதனையில், படுக்கவைத்து விட்டவையே குறைவாக விரிசல் கண்டன.

எடை குறைந்தால் மதிப்பெண் உண்டென்றால் மட்டும் ஸ்ட்ராக் கூண்டு முந்தும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை, ஆகவே காகித ஸ்ட்ராதான். அது கொஞ்சம் விறைப்பாக நிற்கும், பிறகு சட்டென மடங்கும். மடங்கிய பின் எதையும் தாங்காது. டேப் ஒட்டிய மூட்டுகளும் அங்கேதான் விட்டுப்போகும். முட்டையைச் சாக்ஸில் போட்டு ரப்பர் பேண்டில் தொங்கவிட்டால், அந்த ஐந்தரைக் கிலோ இழுப்பில் பேண்டு எவ்வளவு நீளும் என்று முதலில் பாருங்கள். கீழே அதைவிட இடைவெளி இல்லையென்றால் கூண்டு பிழைக்கும், முட்டை தரையைத் தொடும்.

பொரியின் எதிரி ஈரக்காற்று. நமத்த பொரி நொறுங்காமல் சவசவவென்று அமுங்கும். பாக்கெட்டைப் போட்டியன்று காலைதான் பிரிக்க வேண்டும். ஒருமுறை விழுந்த பெட்டியில் அடிப்பக்கப் பொரி தூளாகியிருக்கும்; அடுத்த சுற்றுக்கு முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.