புள்ளி வைக்க மறுக்கும் மெஷின்: குடும்ப மரப் போர்வை, நாலு வருசப் பாவனை

"அந்த 4 அங்குல பிரேம் எம்ப்ரோய்டரி மெஷின் விலை இறங்கியிருக்காம். குடும்ப மரப் போர்வை தைக்க எடுக்கலாமா புள்ள?" என்று கல்முனைத் தோழி கேட்டாள். குடும்பத்தாரின் பெயர்களைத் துண்டு துண்டாகத் தைத்து மரம் மாதிரி இணைக்கிற போர்வை அது. பதில் நீண்டுவிட்டதால் எல்லாருக்குமாக இங்கே.

பூ, கொடி, இலை தைப்பதில் இதைக் குறை சொல்ல ஏலாது. சட்டின் தையல், அதாவது இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கிய தையல், வழுவழுவென்று வடிவாக விழும். வினை முழுக்கப் புள்ளியில், அதாவது மெய்யெழுத்தின் தலையில் நிற்கிற புள்ளியில். நம் மூத்தவர்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தங்கம்மாவில் இரண்டு, வெள்ளைப்பிள்ளையில் மூன்று. 40 பெயர் என்றால் சுமார் நூறு புள்ளி.

மெஷினுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்டிட்ச் என்ற இணைப்பைப் போட்டு, எழுத்தை நாமே தையலாக்கிப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். 12 மி.மீ. எழுத்தில் புள்ளிக்குக் கிடைக்கிற இடம் 1 மி.மீ. அளவுதான். அதற்குள் ஊசி திரும்பத் திரும்ப ஒரே துளையில் இறங்க, மேலே நூல் குவியும், அடியில் பொபின் பக்கம் கூடு கட்டும், துணி ஓட்டையாகும். அவசரத்தில் கூட்டைப் பிடித்து இழுத்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி பிளாஸ்டிக் பொபின் கேஸைக் கீறும், பிறகு எந்த டிசைன் போட்டாலும் நூல் அந்தக் கீறலில் சிக்கும். இதில் கேஸ் ஒரு தரம் மாற்றியாகிவிட்டது.

எழுத்தை 18 மி.மீ. ஆக்கி, புள்ளியை மட்டும் 2 மி.மீ.க்குப் பெருப்பித்து, அதற்குக் கீழே முதலில் விழுகிற அடித்தையலை எடுத்துவிட்டு, மெல்லிய 60 நம்பர் நூலும் மெல்லிய 65/9 ஊசியும் போட்டால் ஓரளவு வரும். ஆனால் 100 மி.மீ. பிரேமுக்குள் அந்த அளவில் வெள்ளைப்பிள்ளை ஒரு வரியில் அடங்காது, இரண்டாக உடைக்க வேண்டும். புள்ளிகளை மட்டும் கடைசியில் தனி நிறமாகத் தைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் துணி அரை மி.மீ. நகர்ந்திருக்கும், புள்ளி எழுத்தின்மேல் ஏறிக் குந்திக்கொள்ளும். எழுத்து முடிந்த கையோடு அதன் புள்ளி வர வேண்டும். வந்தாலும் இடையில் தாவும் நூலை இது வெட்டாது. நிறம் மாறும்போது மட்டும்தான் வெட்டும். மிச்சம் கத்தரிக்கோலுக்கு.

கடைசியில் ஒத்துவந்த வழி: கோப்பிலிருந்து புள்ளிகளை எடுத்துவிட்டு, துண்டு பிரேமை விட்டு வந்ததும் இரண்டு இழை நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையால் முடிச்சுப் போடுவது. மெஷினுக்குக் காசு கொடுத்துவிட்டு இந்த வேலையா என்று எரிச்சல் வரும். ஆனாலும் சட்டின் எழுத்தின் தலையில் அந்த முடிச்சு மிளகு மாதிரித் திரண்டு நிற்கிற வடிவு வேறு எதிலும் வராது.

துணிக்கு 8 அங்குலச் சதுரங்கள் வெட்டுங்கள். 45 அங்குல அகலத்தில் வரிசைக்கு 5, ஆக 42 துண்டுக்கு 2 யார் (கெஜம்). சுருக்கத்துக்குக் கால் யார் கூட எடுங்கள். எம்ப்ரோய்டரி துணியை உள்ளே இழுக்கும் என்பதால் தைத்து முடிந்த பிறகே 5½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். கால் அங்குலத் தையலில் 6 × 7 துண்டு சேர்ந்தால் 30 × 35 அங்குலம். எம்ப்ரோய்டரிக்குத் தாங்கலாகத் துணியின் பின்னால் வைக்கிற பேப்பரில் கிழிக்கிற வகை வேண்டாம், தோய்க்கத் தோய்க்க எழுத்து சுருண்டுபோகும். வெட்டுகிற வகையைப் போட்டு, எழுத்தைச் சுற்றி அரை அங்குலம் விட்டு வெட்டினால் மூட்டுத் தையலில் தடிக்காது. உள்ளே மெல்லிய பருத்தி விரிப்புப் போதும், இங்கத்தைய வெக்கைக்கு அதுவே கூட.

கொப்புகளைத் துண்டுக்குத் துண்டு எம்ப்ரோய்டரியில் தொடர்ந்தால் மூட்டில் முறிந்து தெரியும். எல்லாம் இணைத்த பிறகு மருதமுனைக் கைத்தறியைச் சாய்வாக வெட்டி, மடித்து, மேலே வைத்துத் தையுங்கள். அதைச் சாயம் போவது நிற்கும்வரை முதலில் தோய்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற மர மாதிரிகள் பெரும்பாலும் அப்பா வழியில் இறங்குகின்றன. மட்டக்களப்புப் பக்கம் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழி என்பதால் தமிழர் வீடோ முஸ்லிம் வீடோ அவை பொருந்தாது. அடிமரத்தில் மூத்த பெண்ணை வைத்து, மகள்மாரின் கொப்பை அதிலிருந்து பிரியவிடுங்கள். மகன்மார் ஓரத்தில் நிற்கட்டும், அவர்களுடைய பிள்ளைகள் தங்கள் தாயின் குடி. கடைசி வரிசையில் இரண்டு மூன்று துண்டு வெறுமையாக இருக்கட்டும்.

கடற்கரை வீடென்றால் ஊசியை மெஷினில் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒன்று வைக்கும். கேட்காமலே இது வைக்கிற ஒரே புள்ளி அது.

கேட்டவளுக்கு: எடுக்காதே. விலை இறங்கினாலும் எடுக்காதே. 130 × 180 மி.மீ. பிரேம் உள்ளதற்குக் காசு சேரட்டும். நாளைக்குக் கேட்டால் வேறு பதில் சொல்லக்கூடும். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு 'ம்'மின் கூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.